ஆளில்லாக் கட்டிலுக்கு ஒரு மின்விசிறி

மூன்று வருடங்களுக்கு முன், குலசை என்று எங்கள் பக்கம் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில் தசரா முடிந்து, மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த ஐப்பசியில் நடந்தது இது. இடம், தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு நகராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரர் தன் மகளுக்கு வரன் பார்க்கும் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிடும்.

நான் மின்பொறியாளன். அந்த நகராட்சிக்குச் சொந்தமான கட்டடங்களில் மின்சாரம் எங்கெங்கே வீணாகிறது என்று பார்த்து, குறைக்க வழி சொல்லும் வேலை எங்கள் சிறிய நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. கேட்பதற்குக் கௌரவமாக இருக்கும். நடைமுறையில், கையில் ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு, மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் தலைக்கு மேலேயே பார்த்து நடக்கிற வேலை. கழுத்து பிடித்துக்கொள்ளும். எதிரே வருபவர்கள் மேல் முட்டிக்கொள்வதும் உண்டு. நகராட்சிப் பள்ளி ஒன்றில் இப்படி அண்ணாந்து நடந்து சத்துணவுக் குழம்பு வாளிக்குள் ஒரு காலை வைத்துவிட்டேன். பிள்ளைகள் இன்றுவரை அதைப் பேசுவதாகக் கேள்வி.

என்னைப் போன்ற ஆளுக்கு இந்த வேலை பொருத்தமானதுதான். வீட்டிலும் நான் இப்படித்தான். ஒருவர் அறையை விட்டு எழுந்தால், அவர் நிழல் வெளியேறுவதற்குள் விளக்கை அணைத்துவிடுவேன். "உங்ககூடக் குடித்தனம் பண்ண நான் வௌவாலாப் பொறந்திருக்கணும்" என்பாள் என் மனைவி.

நகராட்சி அலுவலகத்தில் முதல் நாளே ஒரு விஷயம் புரிந்தது. அங்கே மின்விசிறி காற்றுக்காக ஓடவில்லை, சாட்சிக்காக ஓடியது. நாற்காலியில் ஆள் இல்லை, மேலே ஃபேன் ஓடுகிறது என்றால், "இங்கனதான் இருக்காரு, டீ குடிக்கப் போயிருக்காரு" என்று பொருள். ஃபேன் நின்றிருந்தால் அன்றைக்கு லீவு. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே கலைதான், கொஞ்சம் மின்சாரம் சேர்த்து. அந்தக் கண்டுபிடிப்பின் பெருமையோடுதான் மறுநாள் வீடற்றோர் தங்கும் விடுதிக்குப் போனேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் சத்திரமாக இருந்த கட்டடம். உயரமான கூரை. நீண்ட கம்பிகளில் தொங்கும் பழைய மின்விசிறிகள். ஒவ்வொன்றும் வண்டிச்சக்கரம் போல முனகிக்கொண்டு மின்சாரத்தை வாரிக் குடிக்கும். கீழே வரிசையாக இரும்புக் கட்டில்கள். போக்கிடம் இல்லாத வயசாளிகள் அங்கே இருந்தார்கள். காலை பத்து மணிக்கு நான் போனபோது பலரும் வெளியே போயிருந்தார்கள். மூலையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்தபடி இருந்தது, தலையணையில் ஒரு பள்ளம்கூட இல்லை. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

'இங்கேயுமா டீக்குப் போய்விட்டார்கள்?' என்று நினைத்துக்கொண்டு சுவிட்சில் கை வைத்தேன்.

"ஏய், கைய எடும்வே!"

பக்கத்துக் கட்டிலில், காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் சுமந்த தோள் என்று பின்னால் தெரிந்தது. அப்போது குரல் மட்டும்தான் தெரிந்தது.

"ஆளில்லாத கட்டிலுக்கு ஃபேன் ஓடுதே அண்ணாச்சி, அதான்..."

"ஆளில்லன்னு உமக்கு யாரு சொன்னா? ஆளு இருக்கான்."

"எங்கன?"

"குலசைக்குப் போயிருக்கான். கொரங்கு வேசம் போட."

எத்தனையோ வகை விடுப்புகளைப் பார்த்திருக்கிறேன். இது புதிது. தசரா முடிந்து பல நாள் ஆயிற்றே என்று வாய்வரைக்கும் வந்தது. அவர் இருமத் தொடங்கினார். மேலேயிருந்து கொட்டுகிற காற்றில் மப்ளரின் முனை பறந்தது. நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

விடுதியின் பொறுப்பாளர் நாற்பது வயதுப் பெண்மணி. அவர்தான் விவரம் சொன்னார். அந்தக் கட்டில்காரர் வருடாவருடம் குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு குரங்கு வேடம் போடுவாராம். மாலை போட்டதிலிருந்தே ஒத்திகை ஆரம்பமாகிவிடும். ஜன்னல் கம்பியில் தொங்குவார், அடுத்தவர் தட்டிலிருந்து வாழைப்பழத்தைப் பறிப்பார், கேட்டால் அம்மன் உத்தரவு என்பார். வேடத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, தசரா அன்று கோயிலில் செலுத்திவிட்டு, கையில் கட்டிய விரதக் காப்பை அறுத்துத் திரும்பிவிடுவார். இந்தத் தடவை திரும்பவில்லை.

"திருச்செந்தூர் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், எல்லாத்துக்கும் போன் போட்டுக் கேட்டாச்சு சார். ஒரு தகவலும் இல்ல. ஆளு வரலைன்னா கட்டில அடுத்த ஆளுக்குக் குடுக்கணும்ங்கது விதி. மழை வரப்போவுது. பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடக்கவங்க தெனமும் வந்து கேக்காங்க. ஆனா..." என்று கூடத்தின் பக்கம் பார்த்தார். "அந்த ஃபேனு ஓடிக்கிட்டே இருக்குல்லா சார். நானும் பாக்காத மாதிரி போயிருதேன்."

நகராட்சி அலுவலகத்தில் நான் கண்டுபிடித்த அதே இலக்கணம்தான். ஆனால் இங்கே சிரிக்க முடியவில்லை.

திரும்பவும் உள்ளே போய், அழைக்காத விருந்தாளியாகப் பெரியவருக்கு எதிரே உட்கார்ந்தேன். மீட்டரைப் பைக்குள் போட்டதும் அவருக்கும் கொஞ்சம் கோபம் தணிந்தது.

"இருமுதீங்களே அண்ணாச்சி. வேகத்தையாவது கொறைச்சு வைக்கலாமே?"

"அவன் அஞ்சுலதாம்வே வைப்பான். எனக்கு ரெண்டு போதும். வந்த நாள்லருந்து இதான் எங்களுக்குச் சண்ட. நான் பைய எந்திரிச்சு ரெண்டுல வைப்பேன். மூதேவி, தூக்கத்துலயே தெரிஞ்சுபோவும் அவனுக்கு. எந்திரிச்சு அஞ்சுல வச்சிட்டு, எம் போர்வையவும் உருவிட்டுப் போவான்." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கியது. "போற அன்னைக்கும் சண்டதான். 'போயித் தொலலே, பத்து நாளாவது காத்தில்லாம நிம்மதியாத் தூங்குதேன்'ன்னு சொன்னேன். கொரங்கு மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒரு இளிப்பு இளிச்சிட்டுப் போனான்."

அப்புறம் அவரே பஸ் ஏறிக் குலசைக்குப் போய்த் தேடியிருக்கிறார். கடற்கரையில் ஒரு கொட்டகைகூட மிச்சமில்லை. கடைக்காரர்களிடம் குரங்கு வேடம் போட்ட ஆள் ஒருத்தனைக் கண்டீர்களா என்று விசாரித்திருக்கிறார்.

"எந்தக் கொரங்குன்னு கேக்கான் சார்வாள். நூறு கொரங்கு வந்துச்சாம். கரடி வந்துச்சாம், காளி வந்துச்சாம். மூஞ்சி முழுக்கச் சாயம் பூசிக்கிட்டுப் போனவன, மூஞ்சிய வச்சு எப்படிக் கேக்க?"

இப்படிப்பட்ட இடங்களில் என்னைப் போன்றவர்கள் தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பழைய ஃபேன்களை எல்லாம் கழற்றிவிட்டுப் புது வகை மாட்டப்போகிறோம் என்று சொன்னேன். படுக்கைக்கு ஒன்று என்று கணக்கு. ஆனால் ஆள் இருக்கும் படுக்கைக்கு மட்டும்தான். இதைச் சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் மப்ளரை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் மாதிரிக்கு ஒரு புது ஃபேனைக் கொண்டுபோனேன். எந்தக் கட்டிலுக்கு மேல் மாட்டுவது என்று கேட்பதற்குள் பெரியவர் மூலைக் கட்டிலைக் காட்டிவிட்டார். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கமான இடம். கூட வந்த எலெக்ட்ரீஷியன் மாட்டிவிட்டார். போட்டதும் எல்லோரும் அண்ணாந்தார்கள்.

"ஓடுதா?" என்றார் பெரியவர். "சத்தத்தையே காணும்?"

"ஓடுது அண்ணாச்சி. காத்து அதே காத்துதான். கரண்டு மட்டும் பழைய ஃபேன்ல பாதிக்கும் கீழ."

"அப்பிடின்னா, பழைய ஃபேனு ஒரு மாசத்துக்குக் குடிக்கிற கரண்டுல இது ரெண்டு மாசம் ஓடும்?"

"அதுக்கு மேலயும் ஓடும்."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு பொறுப்பாளர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீயளாம்மா? ஒரு மாசம் அவனுக்காவக் காத்துக் கெடந்த எடத்துல ரெண்டு மாசம் காத்துக் கெடக்கலாம். நகராட்சிக்கு ஒரு நட்டமும் இல்ல."

யாரோ சிரித்தார்கள். பொறுப்பாளரும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மின்சிக்கனம் பற்றி நான் படித்த புத்தகங்களை அடுக்கினால் ஒரு கட்டில் நிறையும். குறைந்த செலவு, நீண்ட ஆயுள் என்று அவற்றில் என்னென்னவோ பலன்கள் போட்டிருக்கும். கூடுதலாக ஒரு மாதம் ஒருவனுக்காகக் காத்திருக்கலாம் என்று எதிலும் போட்டிருக்கவில்லை.

"மழை புடிச்சுக்கிடுச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது தாத்தா" என்றார் பொறுப்பாளர்.

"மழை வரட்டும். அவனும் அதுக்குள்ள வருவாம்லா" என்றார் பெரியவர்.

என் அறிக்கையில் அந்தக் கட்டிலையும் ஆள் உள்ள கட்டிலாகவே சேர்த்தேன். இதைப் பெரிய தியாகம் போலச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். அன்று வீட்டுக்குப் போனதும் என் மகளின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வேலை கிடைத்து அவள் கடல் கடந்து போன மறுநாளே, யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று அந்த அறையின் சுவிட்சுகள் மேல் டேப் ஒட்டியவன் நான். ஒட்டும்போது சரியாகத்தான் பட்டது. டேப்பைப் பிய்த்துவிடவில்லை, அவ்வளவு நல்லவன் இல்லை நான். ஆனால் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "என்ன தேடுதீங்க?" என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. புது ஃபேன்கள் எல்லாம் மாட்டி முடித்து, எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்ப்பதற்காகத் திரும்பவும் அந்த விடுதிக்குப் போனேன். செருப்பை வாசலில் விடும்போதே, கூரையைப் பார்க்காமல் நேரே மூலையைப் பார்த்தேன்.

கட்டிலில் ஆள் இருந்தது.

மீட்டரைக்கூட எடுக்காமல் கிட்டே போனேன். மெலிந்த மனிதர், அறுபது வயதிருக்கலாம். ஈர வேட்டி ஒன்று கட்டில் கம்பியில் காய்ந்தது. மேலே ஃபேன் அஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போர்வையைத் தலையோடு போர்த்தி, முகத்தை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் பெரியவர் மப்ளரோடு இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாரும் சார்வாள், கரண்டு மிச்சம் புடிச்சது போதுமா, இன்னும் வேணுமா?" என்றார். குரலில் பழைய காரம் இருந்தது. ஆனால் என் முகத்தில் எதைக் கண்டாரோ, "இவன் அவன் இல்ல" என்று மெல்லச் சொன்னார். "பஸ் ஸ்டாண்டுல நனைஞ்சுக்கிட்டுக் கெடந்தான். நாந்தான் அந்தம்மாட்ட சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கட்டிலுக்காக என்னிடம் கையை எடு என்று பாய்ந்தவர் அவர்.

புதியவரிடம் கேட்டேன்: "இப்பிடிக் குளிருதே, ஃபேன நிப்பாட்டலாம்ல?"

"அவரு அஞ்சுலதான் வைப்பாராம் சார்" என்றார்.

"அவருதான் இல்லையே."

"அவரு கட்டில்தான சார் இது? நான் சும்மா மழைக்குப் படுத்திருக்கேன். அவரு வரவும் எந்திரிச்சிருவேன். அண்ணாச்சிட்ட அப்பிடிச் சொல்லிட்டுத்தான் படுத்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, பெரியவர் காதில் விழாதபடி கேட்டார். "நீங்க அவரப் பாத்திருக்கீயளா சார்? எப்பிடி இருப்பாரு? வாசல்ல யாரு வந்தாலும் அவராருக்குமோன்னு இருக்கு."

நானும் பார்த்ததில்லை என்று சொன்னேன். அதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெளியே மழை கொட்டியது. யாரோ ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். வழி கேட்க வந்தவர்.

அந்த வேலை முடிந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டேன். குரங்கு வேடம் போட்டவர் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. போன் போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. இன்னும் மீட்டரோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், வீணாவதைக் கண்டால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் ஆளில்லாத இடத்தில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால், கை சுவிட்சுக்குப் போவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் என்னையறியாமல் கேட்டுவிடுகிறேன்: "யாரும் வரணுமா?"