விதைக்கு விட்ட காய்கள்

ஒரத்தநாட்டுக் கடையில் கத்திரி விதைப் பாக்கெட்டைப் பிரித்ததும் மருந்து நெடி மூக்கில் ஏறியது. "இதுல விதை எடுத்து வச்சா சரியா வராதுங்க, வருஷா வருஷம் வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். ஆத்திரம் பொங்கியது, அவர் மேல் அல்ல.

முன்பு திருத்துறைப்பூண்டியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலின் கரை நெடுகக் காய்கறிப் பாத்திகள் இருந்தன. என் அம்மாவும் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவும் ஜெசிந்தா டீச்சரும் நல்ல கத்திரிச் செடிகளில் சில காய்களைப் பறிக்காமல் விட்டு, அவை மஞ்சளாகப் பழுத்துத் தொளதொளத்ததும் வாளித் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கிய விதைகளைச் சாம்பலில் புரட்டி, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பார்கள்.

வாய்க்காலுக்குச் சுவர் கட்டப்போகிறோம் என்று ஒருநாள் பொதுப்பணித் துறையினர் பொக்லைனோடு வந்தபோது அந்தக் காய்கள் இன்னும் பழுக்கவில்லை. மும்தாஜ் அக்கா வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"விதைக்கு விட்ட காய்ங்க. பழுக்கிற வரைக்கும் பொறுங்க."

"கத்திரிக்காய்தானேம்மா? கடையில வாங்கிக்கங்க" என்று அவர்களோடு வந்த மேற்பார்வையாளர் சிரித்தார்.

பொக்லைன் கரையைத் தோண்டிப் போட்டது. மண்ணோடு புரண்ட காய்களை மூவரும் பொறுக்கி, பிஞ்சு விதையைக் காயவைத்துத் தூவிப் பார்த்தார்கள். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை வாங்கிப்போனவர்களின் செடிகளும் அதே கரையில்தான் இருந்தன. அந்தக் கத்திரி அதோடு போயிற்று.

சுவர் கட்ட ஆட்கள் வந்தது அடுத்த வருடம்தான்.