இறங்கி நடக்கக் கரை இல்லை

ஆற்றில் தண்ணீர் விட்டதிலிருந்து, வாரம் முழுக்க வேலை பார்த்த களைப்போடு ஞாயிறுதோறும் எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் புது ஆறு என்ற கால்வாயில், பலகைமேல் நின்று துடுப்புப் போடும் பேடில் போர்டு பழகினேன். தண்ணீரோடு போவேன். கை ஓய்ந்ததும் கரையேறி, போர்டைத் தூக்கிக்கொண்டு நடந்தே திரும்புவேன்.

பிறகு அதிராம்பட்டினம் கடலில் போட்டி. காற்று முதுகில் தள்ள, தொட்டுத் திரும்ப வேண்டிய மிதவையை முதல் ஆளாகத் தொட்டேன். திரும்பினால் எதிர்க்காற்று! துடுப்புப் போடப் போட, பின்னால்தான் போனேன். கரை கோடாகத் தெரிந்தது.

வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார்.

"ஏம்மா, எப்படித் திரும்பிப் போறதா இருந்தீங்க?"

"நடந்துதாங்க."

அவர் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

இப்போதெல்லாம் முதலில் எதிர்க்காற்றில்தான் கிளம்புகிறேன். பாதி தூரம்கூடப் போக முடிவதில்லை. போகட்டும், வீடு திரும்பவும் கை வேண்டுமே.

- ஒரு வாசகி, ஒரத்தநாடு