சாமி சாப்பிடாத பலா

இன்று காலை எங்கள் வீட்டுப் பலாப்பழங்களைக் குழி வெட்டிப் புதைத்தேன். எல்லாம் அழுகிவிட்டன.

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் நோம்பித் திருவிழாவன்று சாமிக்குப் படைத்த பிறகுதான் புதுப்பழத்தைத் தின்னலாம். முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகள் இருவர் முறைத்துக்கொண்டதில் நோம்பி தள்ளிக்கொண்டே போனது.

என் மனைவி மாசமாக இருக்கிறாள். "அவளுக்கு மட்டும் ஒரு சொளைங்க" என்று ஊர்க்கவுண்டரிடம் போன வாரமே கேட்டேன்.

"தொரையே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது கண்ணு. சாமி குத்தமாயிரும்."

மதியம் பங்காளிகள் ராசியாகிவிட்டார்கள். நாளை நோம்பி. ஊரில் நல்ல பழம் ஒன்றுகூட மிச்சமில்லை.

கவுண்டர் என்னிடமே வந்தார். "அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு எறங்கிப் போயி, படைக்கறதுக்கு ஒரு பழம் வாங்கியா கண்ணு."

கீழே யாரும் சாமிக்காகக் காத்திருப்பதில்லை; நான் வாங்கப்போகும் பழத்தின் மரத்தில் ஊரே எப்போதோ தின்ன ஆரம்பித்திருக்கும்.

உங்கள் ஊர்ச் சாமியாவது, பசித்தால் யாரையும் கேட்காமல் சாப்பிடுகிறதா?