எட்டுத் தலைகள்

ரக்பியில் எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து எதிரணியை முட்டித் தள்ளுவார்கள். ரெம்பியா, பாச்சாங் என்று ஊரும் அணியும் மாறினாலும், பத்தொன்பது வருடமாக அந்த எட்டுப் பேரைப் பழக்குவதுதான் காளிதாசுக்கு வேலை. முதல் வருடமே முட்டல் சரிந்து, ஒருவன் கழுத்தை அசைக்க முடியாமல் கிடந்தான். அன்றிலிருந்து பந்து எங்கே தொலைந்தாலும் அவருக்குக் கவலையில்லை. எட்டுத் தலைகளும் நிமிர்ந்தால்தான் மூச்சு வரும்.

ஆயர் குரோ திடலில் பெண்கள் இறுதியாட்டம். பந்து வெளியேறிய கணமே முட்டல் சரிந்தது. திடலே எழுந்து கத்தியது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு, ஏழு... சேற்றோடு எட்டாவது தலை நிமிர்ந்தது.

அணியின் ஓரத்தில் ஆடும் மகள் ஷாந்தினி ஓடிவந்தாள். "அப்பா, நான் ஸ்கோர் பண்ணத பாத்தீங்களா? கப்பு நமக்குத்தான் லா!"

"எட்டு பேரும் எழுந்துட்டாங்கம்மா," என்றார்.