அவள் தின்னாத லட்டு

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து பத்து வருடம் ஆகிறது. அதில் ஐந்து வருடம் அவளை நான்தான் பார்த்துக்கொண்டேன். நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், சாப்பாட்டுக்கு வகை சொன்னேன், பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அக்கறை. ஆனால் உண்மையில் நான் செய்த வேலை வேவு பார்த்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

நான் டவுன் பஸ்களில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டியில் ஏறி நாலு முகத்தைப் பார்த்ததும் டிக்கெட் எடுக்காதவன் யார் என்று சொல்லிவிடுவேன். திடீரென்று தூங்குகிறவன், ஜன்னலுக்கு வெளியே இல்லாத அதிசயத்தைப் பார்க்கிறவன், நான் கேட்பதற்கு முன்பே சட்டைப்பையைத் தடவுகிறவன். தப்பு செய்கிறவன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்பது என் நம்பிக்கை. ஓய்வு பெற்ற பிறகு அந்த நம்பிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் சோதிப்பதற்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். ஒரே மகள் பெங்களூரில் வேலையாக இருக்கிறாள்.

காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பேன். நடை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் குளத்துச் சுவரில் உட்காருவோம். எல்லார் வீட்டிலும் ஒரு சர்க்கரைக்காரர் உண்டு. அதனால் எல்லாருமே அரை டாக்டர். வெள்ளைச் சர்க்கரை விஷம், கருப்பட்டி மருந்து என்பார் ஒருவர். ராத்திரி சோறுதான் ஆகாது, இட்லி ஆவியில் வேகிறது, அதில் தோஷமே இல்லை என்பார் இன்னொருவர். கேழ்வரகுக் கூழுக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கேப்பைக் கூழுக்கு, மட்டும் அங்கே எதிர்ப்பே கிடையாது. வயிறு கொண்ட மட்டும் குடிக்கலாம், சர்க்கரை தானாக இறங்கும் என்பதில் அத்தனை பேரும் ஒரே கட்சி. டாக்டர் படித்த படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும் என்று, சுவரில் கேட்டதையெல்லாம் நான் வீட்டில் சட்டமாக்கினேன்.

காலையில் ஆறு இட்லி, கருப்பட்டிக் காப்பி. பதினோரு மணிக்கு ஒரு பெரிய செம்பு நிறையக் கேப்பைக் கூழ், மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தோடு. மத்தியானம் முழுச் சாப்பாடு. ராத்திரி சோறு கிடையாது, தோசைதான். ஐந்து தோசை. சோற்றை நிறுத்திவிட்டோம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

"ஏங்க, அம்புட்டையும் குடிக்க முடியலைங்க. குடிச்சதும் கண்ணச் சொருகுது" என்பாள், கூழ்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு.

"கேப்பையில சுகரே கிடையாது. சும்மா குடி" என்பேன்.

குடிப்பாள். குடித்துவிட்டு நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிடுவாள். அந்த அசதியைப் பார்த்து, கூழ் நன்றாகச் சீரணமாகிறது என்று நினைத்துக்கொண்ட மேதாவி நான்.

இத்தனை செய்தும் பரிசோதனைச் சீட்டில் எண் இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறித்தான் வந்தது. என் சட்டத்தில் ஓட்டை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? இவள் எனக்குத் தெரியாமல் இனிப்பு தின்கிறாள். டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் கை விட்டுத் துழாவினேன். கோயிலுக்குப் போய்வந்தால் பிரசாதம் என்ன கொடுத்தார்கள், அதில் எவ்வளவு தின்றாய் என்று வாசலிலேயே விசாரணை. ஒரு நாள் பக்கத்தில் போய் வாயை மோந்துகூடப் பார்த்தேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்று அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் போனாலும் பதில் சொல்வது நான்தான். "என்ன சாப்பிடறீங்கம்மா?" என்று அவர் அவளைப் பார்த்துக் கேட்பார். அவள் வாயைத் திறப்பதற்குள், "எல்லாம் பத்தியச் சாப்பாடுதான் டாக்டர், ஆனா இவ திருட்டுத்தனமா இனிப்பு திங்கிறா" என்பேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "முதல்ல அதை நிறுத்துங்கம்மா, அப்புறம் மருந்தை மாத்தறதப் பத்தி யோசிப்போம்" என்பார். இப்படியே மருந்தும் மாறவில்லை. அவர் கேட்டது சரியான கேள்விதான். அதற்குப் பதில் சொன்ன ஆள்தான் சரியில்லை.

கீழக்குயில்குடியில் அவள் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. எங்கள் பக்கத்து வளைகாப்பில் ஐந்து வகைச் சோறு கட்டாயம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். வளையல் போட்ட பெண்களுக்கு முதல் பந்தி. வீட்டு மாப்பிள்ளை என்கிற உரிமையில் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினேன். எனக்கு முன்னால் போனவர் என் மனைவியின் இலை ஓரத்தில் ஒரு கரண்டி பொங்கல் வைத்துவிட்டார். நான் குனிந்து அதை அப்படியே வழித்து எடுத்தேன்.

"இவளுக்கு இனிப்ப மட்டும் கண்ணுல காட்டிராதீங்கப்பா. மத்தது எம்புட்டு வேணாலும் வைங்க" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணே கண்ணுல மண்ணத் தூவ முடியுமா?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அந்தப் பாராட்டு தலைக்கேறி, பொங்கல் போன இடத்தில் நானே எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் இரண்டு மடங்கு வைத்தேன். பிறந்த வீட்டில் இலையில் மிச்சம் வைத்து எழக்கூடாது என்று அவள் தலையைக் குனிந்தபடி அத்தனையையும் சாப்பிட்டு முடித்தாள். ஒரு கரண்டிச் சர்க்கரையை எடுத்துவிட்டு ஒரு படிச் சர்க்கரையை வைத்தேன் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்த வருடத் தீபாவளி முடிந்த வாரம் வந்த சீட்டில் எண் முன் எப்போதும் இல்லாத அளவு ஏறியிருந்தது. விருந்தாளிகளுக்காக மகள் வாங்கி வைத்துவிட்டுப் போன லட்டு டப்பா அலமாரியில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. காலையில் சாப்பிட உட்கார்ந்தவன், சீட்டைத் தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"நீ உண்மையச் சொல்ற வரைக்கும் இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

"மீனாட்சி சத்தியமா நான் தொடலைங்க."

"அப்ப மெசின் பொய் சொல்லுதா?"

அழுதாள். நான் அசையவில்லை. பஸ்ஸில் எத்தனை அழுகையைப் பார்த்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு அப்படியே ஆறிப்போயிற்று. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஆமாங்க. தின்னேன். ரெண்டு லட்டு. எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க."

"அப்படி வா வழிக்கு" என்றேன். அன்று எனக்கு நல்ல பசி. மறுநாள் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து, எப்படி உண்மையை வரவழைத்தேன் என்று நண்பர்களுக்கு விளக்கமாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் எதையும் மறுப்பதை விட்டுவிட்டாள். கேட்டால் பேசாமல் நிற்பாள். வீட்டில் சண்டை குறைந்தது. அதையும் என் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் பழங்காநத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். வருகிற வண்டி எது என்று கேட்டேன். "நம்பர் தெரியலைங்க. நடுவுல கறுப்பா நூல் நூலா ஓடுது" என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போடு என்று எரிந்து விழுந்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். எங்கள் பஸ் வந்து நின்றுவிட்டுப் போயிற்று.

கண் ஆஸ்பத்திரியில், இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். பல வருடமாகச் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்ததில் விழித்திரை கெட்டிருக்கிறது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இடது கண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும்தான். வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, சர்க்கரையைப் பிடித்து நிறுத்தினால் அதைக் காப்பாற்றலாம் என்றார்கள். மிச்சம் இருப்பது அந்த ஒரு கண்தான். அப்போதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவ்வளவு சொல்லியும் தின்றாளே, அதனால்தானே என்று நினைத்தேன்.

செய்தி கேட்டு மகள் வந்தாள். மேல் கையில் ஒட்டுகிற சென்சார் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். ஐந்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது. சில நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும். அது ஒரு கோடாக ஓடும். அம்மாவின் கைப்பேசிக்கு வருவது எனக்கும் வரும்படி செய்துகொடுத்துவிட்டு மகள் ஊருக்குப் போனாள். எனக்குப் பரம சந்தோஷம். இனி இவள் எங்கே தப்பிப்பாள்!

முதல் நாள் பதினோரு மணிக்குக் கூழைக் கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே வெளியே போனேன். கோயிலுக்கு எதிரே நிழலில் நின்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோடு மேலே கிளம்பியது. நிற்காமல் ஏறியது. மாட்டினாள் என்று வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். அவள் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டினேன். எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் எங்கும் போகவில்லை. கூழைக் கொடுத்துவிட்டு அவள் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் எழவில்லை, நான் கண்ணை எடுக்கவில்லை. கோடு ஏறியது. நேற்றைப் போலவே, என் கண் எதிரிலேயே ஏறியது. அதற்கடுத்த நாள் காலை ஆறு இட்லிக்கும் கருப்பட்டிக் காப்பிக்கும் ஏறியது. ராத்திரி தோசைக்கும் ஏறியது. கையும் களவுமாகப் பிடிக்க உட்கார்ந்தவனுக்கு, பிடிபட்டது யார் என்று தெரிந்தது.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினோம். அன்றுதான் அவள் வாயாலேயே, காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன, எவ்வளவு என்று சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, இனிப்பா இருந்தாத்தான் சர்க்கரைன்னு இல்ல. சோறு, இட்லி, தோசை, கூழ், எல்லாமே மாவுச்சத்து. வயித்துக்குள்ள போனா அதுவும் சர்க்கரையாத்தான் மாறும். கேழ்வரகு நல்லதுதான், ஆனா கரைச்சுச் செம்பு செம்பாக் குடிச்சா விறுவிறுன்னு ஏறும். கருப்பட்டியும் சர்க்கரைதான். அம்மா இனிப்பே சாப்பிடலைன்னாலும் இப்படித்தான் இருந்திருக்கும்."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. சர்க்கரை என்பது நாக்கு சம்பந்தப்பட்ட விஷயம் என்று அறுபத்தைந்து வயது வரை நினைத்திருக்கிறேன். தித்திக்காதது எல்லாம் எனக்கு நல்ல சாப்பாடு.

மருந்தை மாற்றினார். எதை எவ்வளவு என்று தாளில் ஒரு தட்டு வரைந்தே காட்டினார். இப்போது காயும் முட்டையும் மீனும் சுண்டலும் முதலில்; சோறு ஒரு சின்னக் கிண்ணம்; ராத்திரி தோசை என்றால் இரண்டு, கூடவே ஒரு தட்டுக் காய். கோடு மெல்ல மெல்லத் தணிந்தது. வலது கண் பார்வை இதுவரை நிற்கிறது.

டாக்டரம்மாவிடம் போய்த் திரும்பிய அன்றே அவளிடம் கேட்டேன்.

"நீ திங்கவே இல்ல. அப்புறம் எதுக்குத் தின்னேன்னு சொன்ன?"

"நீங்க காலையில இருந்து பட்டினி. பிரசர் மாத்திரைய வெறும் வயித்துல போட மாட்டீங்க. எனக்கு வேற வழி தெரியலைங்க."

மன்னிச்சிரு என்றேன். நாற்பது வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் மன்னிப்பு அது. "விடுங்க, நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றாள். திட்டியிருக்கலாம். அவள் திட்டியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. டப்பாக்களைத் திறப்பதில்லை, எதுவும் கேட்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் மத்தியானம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி, கரண்டியிலிருந்து ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது போலத் திரும்பினாள். அவசர அவசரமாக முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"உப்புத்தாங்க பாத்தேன்" என்று உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினாள்.