என் ஓர்ப்படி கொடுத்த கிருமிகள்

அன்று பக்கத்து அனந்தபுரத்திலிருந்து கல்யாண வரிசைக்குப் பாத்திரம் எடுக்க ஒரு குடும்பமே எங்கள் கடைக்கு வந்திருந்தது. பெண்ணின் அம்மா ஒரு குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வயிறு முறுக்கியது. அவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். செஞ்சி பஜாரில் எங்கள் வரிசைக் கடைகள் எதிலும் கழிவறை கிடையாது. இரண்டு தெரு தாண்டி வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டு வாசல் வரைக்கும்கூட என்னால் தாங்க முடியவில்லை.

முகம் சுளிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பேதி என்ற சொல்லை டாக்டரிடம்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தேன். பல் டாக்டர் ஆன்டிபயாடிக் (பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்து) கொடுத்தார். அது முடிந்தும் வீக்கம் வடியவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் நானே இன்னொரு அட்டை வாங்கிப் போட்டேன். எங்கள் பஜாரில் அதுதான் வழக்கம். வியாபாரத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போய் உட்கார யாருக்கு நேரம்? "ஜுரத்துக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்றால் கலர் கலராக நாலைந்து மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதற்குப் பெயர் செட்டு. அதில் எது எதற்கு என்று நாங்கள் கேட்டதில்லை.

பேதிக்கும் ஒரு செட்டு வாங்கிப் போட்டேன். நிற்கவில்லை, அதிகமானது.

விழுப்புரத்தில் சலைன் ஏற்றினார்கள். புடவை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகு, என் கணவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னைச் சென்னைக்கு அழைத்துப்போனார். அங்கே குடல் மருத்துவர் ஒரு பெண். மலத்தைச் சோதித்தார்கள். கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். சி. டிஃப் என்றார்கள் (பெருங்குடலில் நஞ்சைக் கக்கி அதைப் புண்ணாக்கும் ஒரு பாக்டீரியா).

"உங்க குடல்ல கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கும்மா. கெட்டதை வளரவிடாம அடக்கி வைக்கறதே அதுலே இருக்கிற நல்லதுங்கதான். நீங்க போட்ட மாத்திரை அந்த நல்லதுங்களை அழிச்சிடுச்சு. இது மட்டும் தப்பிச்சிடுச்சு" என்றார் டாக்டர்.

என்னைக் கேட்காமல் எனக்குள் இத்தனை பேர் குடியிருந்திருக்கிறார்கள். அவர்களைக் காலி செய்த பிறகுதான் அவர்கள் இருந்ததே எனக்குத் தெரிந்தது.

வான்கோமைசின் என்ற மருந்து கொடுத்தார்கள். பேதி நின்றது. மருந்து முடிந்ததும் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி பேதி. இந்தக் கிருமியின் வித்துகள் (எளிதில் அழியாமல் உறங்கிக் கிடக்கும் வடிவம்) குடலிலேயே தங்கிவிடுமாம். சானிடைசருக்கும் சாகாதாம். இந்த நோய் உள்ள வீட்டில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், கழிவறையைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். இதை எனக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

வயிறு மட்டும் போகவில்லை. காரணமே இல்லாமல் அழுதேன். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மிஷினைப் பிடித்தால் எழுத்து கோணிக்கொண்டு போனது. குடலுக்கும் மனசுக்கும் பேச்சுவார்த்தை உண்டு, எவ்வளவு என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறோம் என்றார் டாக்டர். எனக்கு ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க நேரமில்லை.

ஏனென்றால் கடை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மாமனார் காலத்துப் பாத்திரக் கடை அது. அவருக்குப் பிறகு பதினைந்து வருடமாக நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். பக்கத்தில் கொழுந்தனுடைய செல்போன் கடை. நடுவில் ஒரே ஒரு சுவர். இரண்டு வருடம் முன்பு எடுத்த பேச்சையே மறுபடி எடுத்துக்கொண்டு அவன் ஒருநாள் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, ரெஸ்ட் எடுங்க. கடைக்கு எதுக்கு டென்ஷன்? நான் செவுத்த இடிச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடறேன்."

"நான் போன பிறகு இடிச்சிக்கோ."

"இன்னா அண்ணி, இப்டி பேசறீங்க?"

"வேற எப்டி பேசணும்?"

நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல். நோயாளியிடமிருந்து எல்லோரும் எதையாவது அன்பாகப் பிடுங்கிக்கொள்கிறார்கள். பஜாரில் அத்தனை பேரும் டாக்டராகிவிட்டார்கள். பழைய சோறு என்றார் ஒருவர், மாதுளம்பழத் தோல் என்றார் இன்னொருவர். நான் குடிக்காத மோரா?

மூன்றாம் முறையும் பேதி திரும்பியபோது டாக்டர் வேறு வழி சொன்னார். மல நுண்ணுயிர் மாற்று (ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சோதித்து, கரைத்து, வடிகட்டி நோயாளியின் குடலில் செலுத்துவது). என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். நான் கேட்டது ஒன்றுதான்: "நான் திரும்பக் கடையில ஒக்காருவேனா?" பெரும்பாலானவர்களுக்குக் கேட்கிறது என்றார். சரி என்றேன்.

மாமியார்தான் பதறினார். "வெளியில வாயத் தொறக்காத. ஆபரேஷன்னு சொல்லிடு. தெரிஞ்சா நம்ம கடைப் பாத்திரத்துல எவ சோறு வடிப்பா?"

அவர் பயம் பொய்யல்ல. ஆனால் ஆள் கிடைத்தால்தானே அந்தப் பேச்சு? வீட்டிலிருந்து யாராவது கொடுக்கலாம், ஆனால் அண்மையில் ஆன்டிபயாடிக் போட்டிருக்கக் கூடாது என்றார்கள். கணவர் போன மாதம் சளிக்குச் செட்டு போட்டிருந்தார். கொழுந்தன் தொண்டை வலிக்கு. என் மகள் முகப்பருவுக்கு. மாமியார் பல்வலிக்கு. ஊரிலிருந்து என் நைனா (அப்பா) போன் செய்து, "நான் தரேம்மா, எனக்கு ஒரு வியாதியும் கெடியாது" என்றார். இருமலுக்கு மருந்துக்கடையில் வாங்கியதை அடுத்த மூச்சில் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு குடலும் உருப்படியாக இல்லை.

மிச்சம் இருந்தவள் மலர். கொழுந்தனின் மனைவி, என் ஓர்ப்படி. ஒரே வீட்டில் மாடியில் அவள், கீழே நான். அந்தச் சுவர்ப் பேச்சு முதலில் கிளம்பிய நாளிலிருந்து, இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அவளுக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. ஜுரம் வந்தால் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். குழந்தை மாதிரி என்று அதற்காக நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

அவளாகவே கீழே இறங்கி வந்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருக்க, என் கணவரிடம் சொன்னாள்: "மாமா, எனக்குதான் மாத்திரையே எறங்காதே. என்னுது ஆவுமான்னு டாக்டரம்மாவக் கேளுங்க."

ரத்தம், மலம், எல்லாம் சோதித்தார்கள். ஆகும் என்றார்கள்.

சிகிச்சை நாளில் இன்னொரு சிக்கல். முந்தின நாளே பேதி மருந்து கொடுத்து என் குடலைக் கழுவியிருந்தார்கள். காலையில் மலர் ஆஸ்பத்திரியிலேயே புதிதாகக் கொடுக்க வேண்டும். அவளுக்கு வரவில்லை. காபி குடித்தாள், வெந்நீர் குடித்தாள், தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"புது எடத்துல எனக்கு வராதுக்கா."

நன்றி சொல்ல வேண்டிய நேரம். எனக்கு வேறு வார்த்தைதான் வந்தது. "இதக் குடுத்துட்டு செவுத்தக் கேக்கலாம்னு வந்தியா? அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "செவுறு கேட்டது உங்க கொழுந்தன். நான் கேட்டனா? எனக்கும் கடையில ஒக்காரணும்னு ஆசை இருக்குது. கல்யாணமாகி வந்ததுலேருந்து ஒருத்தராவது கேட்டீங்களா? நீங்க கேட்டீங்களா?"

"நீ வாயத் தொறந்து சொன்னியா?"

"உங்ககிட்ட வாயத் தொறக்க முடியுமா?"

சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார். மலர் மூச்சு வாங்க எழுந்தாள். நின்றாள். வயிற்றில் கை வைத்தாள். "வருதுக்கா" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் அன்றைக்கு முன்னால் வந்ததில்லை.

மயக்க ஊசி போட்டுக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். மயக்கம் தெளிந்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சில நாட்கள் கழித்து, காலையில் எழுந்து காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகுதான் நான் இன்னும் கழிவறைக்கே போகவில்லை என்பது உறைத்தது. உடம்பு தேற மாதங்கள் ஆயின. எல்லோருக்கும் இப்படி முதல் தடவையிலேயே கேட்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இதை வீட்டில் நீங்களாகவே செய்து பார்க்கவும் கூடாது. சோதிக்காத மலம் ஆளையே கொன்றுவிடக்கூடும்.

கடைக்குத் திரும்பினேன். சுவர் அப்படியே இருக்கிறது. பின்பக்கம் சரக்கு அடுக்கும் இடத்தில் பாதியை ஒதுக்கி முதலில் ஒரு கழிவறை கட்டினேன். பஜாரில் கடை வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் இப்போது அதற்குத்தான் வருகிறார்கள். காலையில் கல்லாவில் நான், மதியத்துக்கு மேல் மலர்.

என்ன வைத்தியம் என்று கேட்டவர்களிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். மேல்சித்தாமூரிலிருந்து வழக்கமாக வரும் ஓர் அம்மாள், எடுத்த தவலையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். போகட்டும். மலம் என்றால் அசிங்கம், மெடிக்கல் ஷாப்பில் கைநிறைய மாத்திரை வாங்கி விழுங்குவது சுத்தம் என்றால், அந்தச் சுத்தம் எனக்கு வேண்டாம். நான் எதற்காகக் குரலைத் தாழ்த்த வேண்டும்?

நோயில் என் நேரம் முழுவதும் ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் கிடந்தது. இப்போது ஒரு மதியம் எவ்வளவு நீளம் என்பது தெரிகிறது. உடம்பும் பழையபடி இல்லை. நான் என்று சொல்லும்போது உள்ளே ஒரு கூட்டமே நகர்வது போல இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் போடுவதில்லை.

நேற்றுக் கல்லாவை மாற்றிக்கொள்ளும்போது மலர் கேட்டாள்: "வயிறு எப்டிக்கா இருக்குது?"

"உன்னுதுதான, என்ன ஏன் கேக்கற?" என்றேன்.