வெயில் படாத இடம்

தொண்ணூறுகளின் நடுவில், நீலசந்திராவில் குடியிருந்தபோது, என் இடுப்பிலும் தொடையிலும் தேமல் மாதிரி வெளிறிய திட்டுகள் வந்தன. லேசாகச் செதில் விடும், எப்போதாவது அரிக்கும். பாவாடை நாடா உரசுவதால்தான் என்று சொல்லிக்கொண்டு, வருஷக்கணக்கில் படர்தாமரை மருந்து பூசினேன். கொஞ்சம் மங்கும், மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். குஷ்டமோ என்ற பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் போய்க் காட்டியபோது, தோல் டாக்டரம்மா அந்த இடத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். "அய்யோ!" என்று கத்தினேன். வலித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்; குஷ்டமென்றால் அந்த இடம் மரத்துப்போயிருக்கும். துளித் தோலை வெட்டியெடுத்து அனுப்பிய முதல் பரிசோதனையில் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் விடவில்லை, மறுபடி எடுத்தனுப்பினார். அதில் தெரிந்துவிட்டது.

"லிம்போமாம்மா. ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவுல வர்ற புற்று, தோல்ல வந்திருக்கு. பயப்படாதீங்க, ஆரம்பம்தான். இப்படியே திட்டா இருந்தா நிறைய பேரு வயசாகுற வரைக்கும் நல்லா இருக்காங்க. தடிச்சாலோ, கட்டி மாதிரி எழும்பினாலோ உடனே வாங்க."

என் பின்னிடுப்பு என் கண்ணுக்கு எட்டாது. தினமும் காலையில் என் வீட்டுக்காரர்தான் விரலால் தடவிப் பார்ப்பார். "தடிக்கல," என்பார். அதோடு சரி, வேறு ஒரு வார்த்தை வராது. கல்லுளிமங்கன். எனக்கு எரிச்சலாக வரும்.

வைத்தியமோ, மாத்திரை போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, திட்டுகளில் படும்படி வெயிலில் நிற்பது. ஒரு மாடியில் தும்மினால் அடுத்த மாடியில் 'நூறு' சொல்லும் நீலசந்திராவில், இடுப்பைத் திறந்துகொண்டு எங்கே நிற்பது? அவர் மொட்டைமாடியில் நாலு பக்கமும் புடவை கட்டி மறைத்தார். எனக்கு முதுகு காட்டிக் காவல் நின்றுவிட்டு, சிவாஜிநகர் துணிக்கடை வேலைக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கினார்.

"இன்னாக்கா, மாடி மேல மாடி கட்றீங்களா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா, வாடகைக்கு வர்றியா?" என்றேன், கறுப்புக் கண்ணாடியும் அரைகுறைத் துணியுமாக உள்ளே நின்றபடி.

மாதங்கள் போயின. திட்டுகள் மங்கின. மறுபடி தோலெடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "இப்போ ஒண்ணும் தெரியல. திரும்ப வரலாம், அதனால வந்து காட்டிக்கிட்டே இருங்க. ஆனா இதால உங்க உயிருக்கு ஆபத்து வரும்னு நான் நினைக்கல," என்றார்.

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நல்ல சேதி சொல்லியிருக்காங்க, இப்போ போயி அழுவுறீங்களே!"

"முன்னாடியே அழுதிருந்தா நீ பயந்திருப்ப."

நான் செத்தாலும் இந்த மனுஷனுக்கு ஒன்றுமில்லை என்றுதான் அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நோயைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.